முதுகைக் காட்டி நின்றவர்கள்

கிரேன் ஓட்டும் அண்ணனுக்கு இதயம் பெருத்துவிட்டது என்று கம்பெனி கடிதம் கொடுத்த நாளிலிருந்து பக்கத்து வீட்டில் யாரும் கதவை ஒழுங்காகச் சாத்தவில்லை. அண்ணி அறைந்து சாத்துவாள். அண்ணன் சத்தமே இல்லாமல் சாத்துவார். இரண்டில் எது மோசம் என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். தன் வீட்டுக் கதவையே திருடனைப் போலச் சாத்தும்படி ஒரு நல்ல மனிதனை ஆக்கிவிட்டார்கள்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அண்ணன் வேலை பார்க்கும் இரும்பு யார்டில்தான் நானும் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளின் எடையை எழுதுகிறேன். அதனால் அந்த வீட்டு விஷயத்தில் பாதி சுவர் வழியாகவும் மீதி யார்டு வழியாகவும் எனக்கு வந்து சேர்ந்துவிடும். வேண்டாம் என்று காதைப் பொத்திக்கொள்ளும் ஆள் நானில்லை.

பதினேழு வருடமாக அண்ணனுக்கு வேலை மேலேதான். பெரிய கொட்டகையின் கூரைக்கு அடியில் ஓடும் கிரேனின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பார். கீழே இருந்து அங்கே போக அறுபத்துநாலு படி, தூணோடு செங்குத்தாக நிற்கும் இரும்பு ஏணி. கிரேனின் கம்பிவடத்துக்குப் பூசும் கிரீஸ் வெயிலில் இளகி ஏணியில் சொட்டிக்கொண்டே இருக்கும். நெஞ்சை ஏணியோடு ஒட்டி, கட்டிப்பிடித்த மாதிரிதான் ஏற முடியும். அதனால் கிரேன்காரர்கள் பதினொரு பேரையும் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். சட்டையின் முன்பக்கம் கறுத்துக் கிடக்கும், முதுகு வெளுத்திருக்கும். எந்தச் சோப்பும் அந்தக் கறுப்பைப் போக்கியதில்லை.

யார்டில் அண்ணனுக்கு 'மேலிடம்' என்று பட்டப்பெயர். இரும்புக் கட்டைத் தூக்கலாமா வேண்டாமா என்று கீழே நிற்பவர்கள் குழம்பினால், "மேலிடத்தக் கேளு" என்பார்கள். மேலே இருந்து அவர் மணியை ஒரு தட்டு தட்டினால் தூக்கலாம், இரண்டு தட்டினால் ஒதுங்கி நில்லுங்கள் என்று அர்த்தம். பதினேழு வருடத்தில் அவர் தூக்கிய சுமை ஒருவர் காலிலும் விழுந்ததில்லை. அந்த மனிதரைத்தான் ஒரு திங்கட்கிழமை காலை ஏணிக்கு அடியில் நிறுத்திவைத்துக் கடிதத்தைக் கொடுத்தார்கள்.

'மருத்துவ முகாமில் எடுக்கப்பட்ட எக்ஸ்ரே அறிக்கையின்படி தங்கள் இதயம் அளவில் பெரிதாகியுள்ளது. எனவே இன்று முதல் உயரத்தில் பணிபுரியத் தாங்கள் தகுதியற்றவர்.' அவ்வளவுதான் கடிதம். அவரோடு சேர்த்து நாலு கிரேன்காரர்களுக்கு அதே இரண்டு வரி. நாலு பேருமே பழைய ஆட்கள், நிரந்தர வேலைக்காரர்கள். அடுத்த வாரமே ஒப்பந்தத்தில் நாலு புது ஆட்கள் ஏணியில் ஏறிவிட்டார்கள். புதுச் சட்டை, புது பூட்ஸ். இவ்வளவு சீக்கிரம் ஆள் கிடைக்கிற கம்பெனியை நான் அதுவரை பார்த்ததில்லை.

அண்ணனுக்குக் கீழே ஒரு வேலை கொடுத்தார்கள். நுனியில் காந்தம் கட்டிய கம்பால் தரையில் சிந்திக் கிடக்கும் ஆணி, போல்ட்டுகளைப் பொறுக்க வேண்டும். "மேலிடம் கீழ எறங்கி வந்துருச்சு" என்று ஒரு லாரிக்காரன் பல்லிளித்தான். அவனை நான் விடவில்லை. அன்று அவன் கொண்டுவந்த வண்டியை எடைமேடையில் ஒரு மணி நேரம் வெயிலில் காய வைத்தேன். என்னால் முடிந்தது அதுதான்.

அந்த வருடம் மழை தள்ளிப் போயிருந்தது. தகரக் கொட்டகைக்குள் மூச்சு விடுவதே ஒரு வேலையாக இருந்தது. எல்லோருக்கும்தான் மூச்சு வாங்கியது. ஆனால் அண்ணன் மட்டும் ஒவ்வொரு மூச்சையும் சந்தேகப்பட ஆரம்பித்தார். வீட்டு வாசலில் மூன்று படிகள். இரண்டாவது படியில் நின்று, நெஞ்சில் கை வைத்து, கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவதில் ஏறுவார். உப்பை விட்டார். முட்டையை விட்டார். தட்டில் சோற்றைப் போட்டால் பாதியை ஒதுக்கி வைப்பார்.

"வயிறு நெறைஞ்சா நெஞ்ச அழுத்துது" என்பார்.

"போன வாரம் அறுபத்துநாலு படி ஏறுன மனுஷன் நீங்க. அப்ப அழுத்தலையா?" சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணியின் குரல்.

"அப்ப தெரியாது. இப்ப தெரியுது."

"என்ன தெரியுது?"

"பெருசா இருக்கறது தெரியுது. படுத்தா இடது பக்கம் கனமா இருக்கு."

"அது நெஞ்சு கனம் இல்ல. அந்தக் காகிதத்தோட கனம்." பாத்திரம் ஒன்று தரையில் விழுந்தது. விழவில்லை, வைக்கப்பட்டது.

அண்ணி பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருக்கும் லாண்டரியில் வேலை பார்க்கிறவள். மூன்று மாடி நோயாளிகளின் படுக்கை விரிப்புகள் வெந்து, பிழிந்து, சூடான உருளைக்குள் நுழைந்து அவள் கைக்குத்தான் வரும். இருபது வருட ஆவியில் அவள் முன்கைகளில் முடியே கிடையாது. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் இஸ்திரி அக்கா. எந்த மாடியில் எந்த அறையில் யார் நல்லவர், யார் சிடுமூஞ்சி என்று விரிப்புகளை வைத்தே சொல்லிவிடுவாள். ஊழியர் குடும்பத்துக்கென்று ஒதுக்கிய நாளில் அண்ணனைக் கையைப் பிடிக்காத குறையாக எக்கோ அறைக்கு இழுத்துப் போனாள். படித்தவன் ஒருத்தன் கூட இருக்கட்டும் என்று என்னையும் வரச் சொன்னாள்.

எக்கோ எடுக்கும் அம்மா குள்ளமானவர், கண்ணாடி மூக்கின் நுனியில் நிற்கும். அறை இருட்டாக இருந்தது. அண்ணனை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, விலாவில் குளிர்ந்த களிம்பைத் தடவி, சோப்புக் கட்டி அளவுள்ள கருவியை வைத்து அழுத்தினார். திரையில் ஏதோ ஒன்று திறந்து மூடியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"இதுதான் உங்க இதயம். பாருங்க" என்றார் அந்த அம்மா.

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே, "எவ்வளவு பெருசும்மா?" என்று கேட்டார்.

"இருக்க வேண்டிய அளவுதான் இருக்கு. சுவரோட தடிமன் சரி. அறையோட அகலம் சரி. ஒவ்வொரு துடிப்புக்கும் நூத்துல அறுபத்திரண்டு பங்கு ரத்தத்தத் தள்ளுது. எனக்கே அவ்வளவு இருக்குமான்னு சந்தேகம்."

"எக்ஸ்ரேல பெருசுன்னு வந்துருக்கே."

"எக்ஸ்ரேங்கறது நிழலுங்க. நெஞ்சோட அகலத்துல பாதிக்கு மேல இதயத்தோட நிழல் விழுந்தா பெருசா இருக்கலாமோன்னு சந்தேகப்படுவோம். சந்தேகம்தான். அதத் தீர்த்துக்கத்தான் எக்கோ. இது சத்தத்த அனுப்பி, திரும்பி வர்றத வச்சு உள்ள இருக்கறத அளக்குது. நிழல அளக்கறதுக்கும் ஆள அளக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?"

அண்ணி களிம்பைத் துடைக்க ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவள் தேய்த்த துண்டுதான். "எழுதிக் குடுங்கம்மா. நல்லா அழுத்தி எழுதிக் குடுங்க" என்றாள்.

மறுநாள் அந்த அறிக்கையோடு அண்ணனும் நானும் பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குப் போனோம். அவருக்கு ஹெல்மெட் என்று பெயர். கொட்டகைக்குள் வரும்போது மட்டுமில்லை, ஏசி அறையில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதும் வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றமாட்டார். அறிக்கையை மேலோட்டமாகப் பார்த்தார்.

"எக்கோ எல்லாம் எடுக்கறவங்க கையப் பொறுத்ததுப்பா. கொஞ்சம் சாய்ச்சுப் புடிச்சா ஒரு அளவு, நிமித்திப் புடிச்சா ஒரு அளவு. கம்பெனி அத ஏத்துக்காது. எம்ஆர்ஐ எடுத்துட்டு வாங்க. அதுதான் துல்லியம். பதினஞ்சு நாள் டைம்."

"சார், என்னால அந்த மெஷினுக்குள்ள போக முடியாது" என்றார் அண்ணன்.

"ஏன், பயமா?"

"கண்ணுல இரும்பு இருக்கு சார். கிரேனுக்கு வர்றதுக்கு முன்னாடி இங்கதான் கிரைண்டிங்ல இருந்தேன். அப்பத் தெறிச்சு உள்ள போனது. எடுத்தா பார்வை போயிடும், அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டாங்க. அந்த மெஷின் பெரிய காந்தம்னு சொன்னாங்க. உள்ள போனா துணுக்கு நகருமாம்."

"அப்ப நாங்க என்ன பண்றது? எடுக்க முடியலன்னா மருத்துவக் காரணத்துல விலகறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போகலாம். உங்க நாலு பேர்ல பெரியவர் ஒருத்தர் குடுத்துட்டாரே. மரியாதையா அனுப்பி வச்சோம்."

இதைச் சொன்னபோது அவருக்கு முகம்கூட மாறவில்லை. கம்பெனி கொடுத்த இரும்பு அந்த மனிதன் கண்ணுக்குள் இருக்கிறது. அது இருப்பதால் செய்ய முடியாத ஒரே சோதனையைச் செய்துவா என்று அதே கம்பெனி கேட்கிறது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆனால் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எம்ஆர்ஐ எடுக்கும் இடத்தில் காட்டச் சொல்லி அவர் நீட்டிய அண்ணனின் எக்ஸ்ரே உறை என் கையில் இருந்தது, அதைத் தடவிக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும்போல இருக்கிறது.

அண்ணியிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை, உறையை மட்டும் வாங்கிக்கொண்டாள். மறுநாள் விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு மாடிக்குப் போனவள், விரிப்புகளுக்கு நடுவில் அந்த உறையையும் வைத்திருக்கிறாள். பிறகு நடந்ததை அவள் வாயால் கேட்டபடி சொல்கிறேன்.

எக்கோ அம்மா படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்தப் புண்ணியவான் எடுத்தது?" என்று கேட்டிருக்கிறார்.

"ஏம்மா?"

"நெஞ்சு படம் எடுக்கறப்ப படம் பதியற தகட்டோட நெஞ்ச ஒட்டி நிக்கணும். கதிர் முதுகு வழியா வரணும். இதயம் முன்பக்கம் இருக்கறதால தகட்டுக்குப் பக்கத்துல இருக்கும், நிழலும் கிட்டத்தட்ட சரியான அளவுல விழும். இதுல பாருங்க, தோள்பட்டை எலும்பு ரெண்டும் நுரையீரல் மேல வந்து உட்கார்ந்திருக்கு. இவரு முதுக தகட்டுல ஒட்டிட்டு நின்னுருக்காரு. மெஷினும் ரொம்பப் பக்கத்துல இருந்திருக்கு. விளக்குக்குக் கிட்டக் கையக் கொண்டு போனா சுவத்துல நிழல் பூதம் மாதிரி விழும்ல, அந்தக் கதைதான். படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்குத்தான் இப்படி எடுப்போம். நடமாடற ஆளுக்கு ஏன் எடுத்தாங்க?"

ஏன் எடுத்தார்கள் என்று அண்ணிக்குத் தெரியாது. யார் எடுத்தது என்று தெரியும். அவளுடைய கூடப்பிறந்த தம்பிதான்.

முகாம் வேனில் அவன்தான் எக்ஸ்ரே எடுப்பவன். கம்பெனி கம்பெனியாகப் போகும் வேன். அதற்கு முன் மூன்று இடத்தில் வேலை நிலைக்காதவன். இந்த வேலையில்தான் ஒன்றரை வருடம் தாக்குப் பிடித்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவனுக்கு அக்கா வீட்டில்தான். அந்த ஞாயிறும் வந்தான். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள் அண்ணி. சாட்சிக்குத்தான் கூப்பிட்டாள் என்று உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

சோறு, பருப்பு, முட்டைக் குழம்பு. அவனுக்கு இரண்டு முட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"சாப்பிடு. சாப்பிட்டுட்டே பதில் சொல்லு. உங்க மாமாவ ஏன்டா திருப்பி நிக்க வச்ச?"

அவன் கை பாதி வழியில் நின்றது. "என்னக்கா?"

"முதுகத் தகட்டுல வச்சு நிக்கச் சொல்லிருக்க. நெஞ்சத்தான் வைக்கணுமாம். உனக்குப் படிப்புல சொல்லித் தரலையா, இல்ல அன்னிக்கு நீ பள்ளிக்கூடம் போகலையா?"

"கிரேன் ஆளுங்க எல்லாரையும் அப்படித்தான்கா எடுத்தேன்."

"ஏன்னு கேக்கறேன்."

"கிரீஸ்கா." அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "போன முகாம்ல தகடு பூரா கிரீஸ் ஆயிடுச்சு. வேன் ஓனர் அத்தனை பேர் முன்னாடி என்னைய நாய் மாதிரி திட்டுனாரு. மறுபடி தகட்டுல கறை பார்த்தா வேலைக்கு வராதன்னு சொல்லிட்டாரு. ஒரு நாளைக்கு எண்பது பேரு. சட்டையக் கழட்டச் சொல்லி, தொடைக்கச் சொல்லி நின்னா முடியாது. இவங்களுக்கு முன்பக்கம்தான் கறுப்பு. முதுகு சுத்தமா இருந்துச்சு."

"அதனால திருப்பிட்ட."

"ம்."

"நீ படிக்கறதுக்கு நான் ரெண்டு ஷிப்ட் விரிப்புத் தேய்ச்சேன்டா. ஆவியில வெந்தேன். தகட்டுல கறை படாம இருக்கறதுக்கா? ஒரு துணி இல்லையா அந்த வேன்ல? எங்கிட்டக் கேட்டிருந்தா நூறு துணி குடுத்திருப்பேனே. மூணு மாடிக்கும் துணி குடுக்கறவடா நான்."

"தப்புதான்கா."

"தப்புன்னு சொல்லிட்டா? உங்க மாமா ஒரு மாசமா செத்துச் செத்துப் பொழைக்கறாரு. பெரியவர் கையெழுத்துப் போட்டுட்டு மகன் வீட்டோட போயிட்டாரு. இன்னொருத்தரு கட்டில விட்டு எறங்கறது இல்லையாம், அவங்க வீட்டம்மா தெருவுல நின்னு அழுகுது. நாலு குடும்பம். உன்னோட ஒரு தகடு."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். அப்போதுதான் அண்ணன் பேசினார்.

"அவன விடு. நான்தான் சொன்னேன்."

அண்ணி திரும்பினாள்.

"மாப்ள நெஞ்ச வச்சு நில்லுங்கன்னுதான் மொதல்ல சொன்னான்" என்றார் அண்ணன். "என் சட்டையப் பாத்துட்டு அப்படியே முழிச்சுட்டு நின்னான். போன தடவை அவன் வாங்குன திட்டு எனக்குத் தெரியும். நான்தான் திரும்பிக்கறேன் மாப்ள, முதுகு சுத்தமாத்தான் இருக்குன்னேன். பின்னாடி வரிசையில நின்னவங்ககிட்டயும், பையனுக்குத் திட்டு விழும், முதுகக் காட்டி நில்லுங்கப்பான்னு சொன்னேன். எல்லாரும் என் பேச்சுக்கு நின்னாங்க. படம்தான, எந்தப் பக்கம் எடுத்தா என்னன்னு நெனச்சேன்."

மேலிடம் சொன்னால் பதினொரு பேரும் கேட்பார்கள். பதினேழு வருடப் பழக்கம். அன்றும் கேட்டிருக்கிறார்கள்.

"அந்தப் பெரியவரும் என் பேச்சக் கேட்டுத்தான் நின்னாரு" என்றார் அண்ணன். சொல்லும்போதே கை நெஞ்சுக்குப் போனது. அண்ணி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். மெதுவாக இல்லை.

"கைய அங்க வைக்காதீங்க. அங்க ஒண்ணும் இல்ல." பிறகு தம்பியிடம், "அப்ப நீ எழுதிக் குடு. படம் தப்பா எடுத்தேன்னு எழுதி உன் கையெழுத்துப் போட்டுக் குடு" என்றாள்.

"வேலை போயிடும்கா."

"போகட்டும்."

"நான் தப்பா எடுத்தத மறைக்கலக்கா. திருப்பி எடுத்தா படத்து மூலையில ஏ.பி.ன்னு ரெண்டு எழுத்து போடணும். முன்னாடியிருந்து எடுத்ததுன்னு அர்த்தம். பதினொரு படத்துலயும் போட்டேன். டாக்டருக்கு அதப் பாத்தா தெரியும். அவரு அதுக்கேத்த மாதிரி எழுதுவாரு."

"என்ன எழுதுனாரு?"

"பாக்கல. சாயங்காலம் படத்தக் கட்டா அனுப்பிடுவோம். அறிக்கை கம்பெனிக்கு ஒண்ணு போகும், ஒரு நகல் வேன்ல ஃபைல்ல இருக்கும். எனக்கு அதப் படிக்க நேரம் ஏது."

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்தான நீ. போய்ப் படி" என்றாள் அண்ணி. "அத எடுத்துட்டு வா."

"வெளிய குடுக்கக் கூடாதுக்கா. ஓனருக்குத் தெரிஞ்சா—"

"முட்டை ஆறுது. சாப்ட்டுட்டுப் போய் எடுத்துட்டு வா."

அவன் அதற்குப் பிறகு ஒரு வாய் சாப்பிடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு போனவன் வர நாலு மணி ஆனது. சட்டைக்குள்ளிருந்து, கடிதம் வாங்கிய நாலு பேரின் அறிக்கைத் தாள்களை எடுத்து என்னிடம் கொடுத்தான். அக்காவிடம் கொடுக்க அவனுக்குத் தைரியமில்லை. முகம் வெளுத்திருந்தது.

நான்தான் சத்தமாகப் படித்தேன். "இதய நிழல் பெரிதாகத் தெரிகிறது. படம் முன்புறமிருந்து எடுக்கப்பட்டிருப்பதால் இதைக் கொண்டு இதயத்தின் அளவைத் தீர்மானிக்க இயலாது. நெஞ்சைத் தகட்டில் வைத்து மறுபடம் எடுக்கவும், அல்லது எக்கோ பரிசோதனை செய்யவும்."

நாலு தாளிலும் அதே மூன்று வரி. நான் இரண்டாவது முறை படித்தேன். கம்பெனி முதல் வரியை மட்டும் எடுத்திருந்தது. அதிலும் நிழல் என்ற சொல்லை எடுத்துவிட்டு, பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பெரிதாகியுள்ளது என்று மாற்றியிருந்தது. மீதி இரண்டு வரிகளைக் காணோம். தம்பி செய்தது அவசரத்தில் செய்த தப்பு. அண்ணன் செய்தது பாசத்தில் செய்த தப்பு. மேசையில் நிதானமாக உட்கார்ந்து, டீ குடித்து, எந்த வரி வேண்டும் எந்த வரி வேண்டாம் என்று பார்த்து டைப் அடித்தவர்கள் செய்ததற்குத் தப்பு என்று பெயரில்லை. அதற்கு என்ன பெயர் என்று அண்ணி ஒரு வார்த்தை சொன்னாள். அதை நான் இங்கே எழுத முடியாது.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. இருபது வருடத்தில் அவள் எடுத்த லீவுகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். தம்பியையும் கூட்டிக்கொண்டு ஷிப்ட் மாறும் நேரத்தில் யார்டு வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே போகிறவர்கள், வெளியே வருகிறவர்கள் என்று இருநூறு பேர் இருந்தோம். ஹெல்மெட்டை வெளியே வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். வந்தார்.

"ஆபீஸ்ல பேசலாமேம்மா" என்றார்.

"ஆபீஸ்ல பேசுனா ரெண்டு வரி காணாமப் போயிடுது. இங்கயே பேசுவோம்." அவள் என் பக்கம் தாளை நீட்டினாள். "படிங்க தம்பி."

இந்த முறை எனக்கு வாய் வந்தது. மூன்று வரியையும் படித்தேன். பிறகு கம்பெனிக் கடிதத்தைப் படித்தேன். பிறகு மறுபடி மூன்று வரியைப் படித்தேன். பின்வரிசையில் இருந்தவர்கள் கேட்கவில்லை என்றார்கள், அவர்களுக்காகவும் ஒருமுறை படித்தேன். அந்தச் சத்தம் என்னிடம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

"இந்த நகல் எப்படி வெளிய வந்துச்சு?" என்று கேட்டார் ஹெல்மெட். வேறு எதுவும் அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"நான்தான் சார் எடுத்தேன்" என்றான் தம்பி. "படமும் நான்தான் எடுத்தேன். திருப்பி எடுத்தது என் தப்பு. மூலையில எழுதிருக்கேன். டாக்டரும் எழுதிருக்காரு."

அன்று மத்தியானமே அவன் வேலை போய்விட்டது. ஆனால் அந்த நிமிடம் அவன் அக்காவின் பக்கத்தில் நேராக நின்றிருந்தான். அவனை நான் அப்படி நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை.

"டைப்பிங்ல விட்டுப்போயிருக்கும்" என்றார் ஹெல்மெட். "நாலு கடிதத்தையும் ரத்து பண்ணிடறோம். எக்கோவ ஏத்துக்கறோம். உங்க வீட்டுக்காரர் இன்னிக்கே மேல போகலாம். பிரச்சினை முடிஞ்சதுல்ல?"

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். எல்லோரும் கொட்டகைக்குள் நடந்தோம். கிரேன்காரர்கள் வழிவிட்டார்கள். அண்ணன் காந்தக் கம்பைத் தூணில் சாய்த்துவிட்டு ஏணிக்கு அடியில் போய் நின்றார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். நெஞ்சை ஏணியோடு ஒட்டி ஏற ஆரம்பித்தார். நான் படிகளை எண்ணினேன். பத்து, பன்னிரண்டு, பதினைந்து. இருபதில் வேகம் குறைந்தது. இருபத்துமூன்றாவது படியில் நின்றார்.

மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றார். கீழே இருந்தே அவர் முதுகு ஏறி இறங்குவது தெரிந்தது. ஒரு கை ஏணியை விட்டு நெஞ்சுக்குப் போவதும் மறுபடி ஏணியைப் பிடிப்பதும் எனக்குத் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினார். இறங்கி வந்தவரின் முகத்தில் தண்ணீர் ஊற்றியதுபோல வியர்வை.

"துடிக்கறது காதுல கேக்குது" என்றார் அண்ணியிடம். "பெருசா கேக்குது. விட்டுடுவேன்னு பயமா இருக்கு. நான் கைய விட்டா பரவால்ல. மேல போய்த் தடுமாறுனா சுமை கீழ ஆளுங்க மேல விழும்."

ஹெல்மெட் இதற்காகவே காத்திருந்ததுபோல ஒரு தாளை நீட்டினார். குரல் இப்போது ரொம்ப இதமாக இருந்தது. "பரவால்ல, உடம்பு முக்கியம். என் சொந்த விருப்பத்துல உயர வேலை வேணாம்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. கம்பெனிக்கும் உங்களுக்கும் வருத்தம் இல்லாமப் போயிடும்."

அண்ணன் தாளை வாங்கிவிட்டார். சொன்னால் கேட்கிற மனிதர் அவர். பேனாவுக்காகப் பையைத் தடவினார். அண்ணி அந்தத் தாளைப் பிடுங்கினாள்.

"யாரோட விருப்பம்?" என்றாள். அவள் கத்தவில்லை. அந்த ஒரு மாதத்தில் அவள் கத்தாமல் பேசியது அப்போதுதான். "இந்த மனுஷனுக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்ல. நீங்க வச்சீங்க. ஒரு மாசம் தெனம் காலையில எந்திரிச்சு இன்னிக்குச் செத்துடுவேனான்னு தொட்டுப் பாத்தாரு. அத எந்த மெஷின்ல சார் எடுப்பீங்க? எக்ஸ்ரேல தெரியுமா, எக்கோல தெரியுமா? அந்தக் காந்த மெஷின்ல தெரியுமா?"

"நாங்க என்னம்மா பண்ண முடியும், அவருக்கே பயமா இருக்குன்னா?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். ஏணிய மட்டும் அங்கயே விட்டு வைங்க. நாளைக்கு வருவாரு. இன்னிக்கு இருபத்துமூணு படி ஏறுனாரு, நாளைக்கு எத்தனையோ அத்தனை. பயம் போற வரைக்கும் உங்க ஏணியில, உங்க வேலை நேரத்துல, கிரேன்காரர் சம்பளத்துல ஏறி எறங்குவாரு. கட்டில்ல படுத்திருக்கறவரையும் நானே கூட்டிட்டு வருவேன். மகன் வீட்டுக்குப் போன பெரியவரையும் கூட்டிட்டு வருவேன்."

"பெரியவர் கையெழுத்துப் போட்டாச்சேம்மா. அதுக்கெல்லாம் விதியில இடம் இல்ல."

"ரெண்டு வரிய முழுங்கறதுக்கு விதியில இடம் இருந்துச்சா?"

அவள் அந்தத் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு ஏணியைப் பார்த்துவிட்டு, அண்ணன் பக்கம் திரும்பாமலே, "என்னங்க, சோறு கொண்டு வந்துருக்கேன். முட்டை இருக்கு, உப்புப் போட்டிருக்கேன். சாப்ட்டுட்டு இன்னொரு தடவ பாருங்க" என்றாள்.

அண்ணன் ஏணிக்கு அடியிலேயே தரையில் உட்கார்ந்தார். மற்ற கிரேன்காரர்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒப்பந்தத்தில் வந்த புது ஆட்கள் நாலு பேரும் மேலே ஏறாமல் ஓரமாக நின்றார்கள். அவர்கள் சட்டையிலும் முன்பக்கம் கறுக்க ஆரம்பித்திருந்தது. தட்டில் வைத்த சோற்றை அண்ணன் ஒதுக்காமல் சாப்பிட்டார். வாசலில் வண்டிகள் எடைக்குக் காத்துக்கொண்டு ஹாரன் அடித்தன. நான் அங்கிருந்து நகரவில்லை.